ஒரு சாவு குறைகிறது

ஜூன் 10, திங்கள்

பள்ளி திறந்த நாள். கோரக்காடு பிரிவு நடுநிலைப் பள்ளியில் சத்துணவு அமைப்பாளராக இன்று சேர்ந்தேன். பழைய பள்ளியில் பிள்ளைகள் குறைந்துவிட்டதால் இங்கே மாற்றல். வீட்டிலிருந்து ஒரே பஸ்தான். ஆனால் என் கணவர் வேலை செய்த நூல்மில் இருக்கும் திசைக்கு நேர் எதிர்ப்பக்கம். கல்யாணமாகி வந்த இத்தனை வருஷத்தில் இந்தப் பக்கம் இறங்கியதே இல்லை.

சேர்ந்ததும் ஸ்டோர் ரூம் சாவியைக் கையில் கொடுத்துவிட்டார்கள். பருப்பு மூட்டையில் வண்டு. மத்தியானம் வரை புடைத்தோம்.

காலையில் கிளம்பும்போது தனபால் வந்து நின்றான். கணவரின் தம்பி. டிப்பர் லாரி வைத்து மண், ஜல்லி ஓட்டுகிறவன்.

"அண்ணி, அந்த ஸ்கூலு வேண்டாமுங்க. ரோடு ரொம்ப மோசம். யூனியன் ஆபீசுல நமக்கு ஆள் இருக்குது. வேற பக்கம் மாத்தித் தர்றேன்."

"ரோடு எங்கதான் தம்பி நல்லாருக்குது?"

வாசலிலேயே நின்றான். அவர் இறந்து இன்னும் வருஷம் திரும்பவில்லை. காரியம் முடிந்த பிறகு இந்த வீட்டுப் படி ஏறாதவனுக்குத் திடீரென்று என் மேல் என்ன அக்கறை?

ஜூன் 13, வியாழன்

நாலுவழிச் சாலையின் இந்தப் பக்கம் பள்ளி, அந்தப் பக்கம் ஊர். நடுவில் அரளிச்செடி வைத்த தடுப்பில் ஓர் இடைவெளி. அதன் வழியாகத்தான் பிள்ளைகள் கைகோத்துக்கொண்டு ஓடி வருகிறார்கள். எச்.எம். சுகந்தி டீச்சர் வாயில் விசிலோடு நடுரோட்டில் நிற்கிறார். லாரிக்காரர்கள் விசிலையா கேட்கிறார்கள்?

பஸ் ஸ்டாப்பில் ரங்கராஜ் என்பவரின் டீக்கடை. எந்த ஊர் என்று கேட்டார், சொன்னேன். வீட்டுக்காரர் பேர் கேட்டார். நாச்சிமுத்து, இப்போது இல்லை என்றேன். அவர் பாலை ஆற்றிக்கொண்டே இருந்தார், ஆறிப்போன பிறகும்.

"காசு வேண்டாமுங்க."

மேசையில் வைத்துவிட்டு வந்தேன். முன்பின் தெரியாதவர் சும்மா கொடுத்தால் அதில் ஏதோ இருக்கும்.

ஜூன் 19, புதன்

அரசு கொடுத்த சீருடை எந்தப் பிள்ளைக்கும் பொருந்தவில்லை. ரோட்டுக்கு அந்தப் பக்கம் மரகதம் என்று ஒரு தையல்காரி இருக்கிறாளாம். வருஷா வருஷம் பள்ளிக்கே வந்து அளவெடுத்துச் சரிசெய்து தருவாளாம். இன்று வருவதாகச் சொல்லிவிட்டு வரவில்லை.

"காலைல வர்றேன்னுதான் சொன்னா. புது அமைப்பாளர் வந்திருக்காங்க, கலாமணின்னு பேருன்னு சொல்லிட்டிருந்தேன். உடனே தலவலிங்கறா" என்றார் சுகந்தி டீச்சர்.

என் பேரைக் கேட்டால் தலைவலி வருமா?

ஜூன் 27, வியாழன்

காலையில் ஆரஞ்சு நிறச் சட்டை போட்ட நாலைந்து பேர் ரோட்டோரம் கம்பம் நட்டு அதில் கேமரா கட்டினார்கள். ரோட்டில் மஞ்சள் பெயிண்டால் கோடு போட்டார்கள். பள்ளி நிலத்தை எடுக்கத்தான் வந்திருக்கிறார்கள் என்று நினைத்து எச்.எம்.-ஐ இழுத்துக்கொண்டு போனேன். யாழினி என்று ஓர் இளம் பொறியாளர். தஞ்சாவூர்ப் பக்கத்துப் பேச்சு.

"நிலமெல்லாம் எடுக்கலம்மா. சாலைப் பாதுகாப்புக்குன்னு மத்திய அரசு நிதி குடுக்குறாங்க. எந்தெந்த இடத்துல விபத்துல அதிகம் பேர் செத்திருக்காங்களோ அந்த இடங்களுக்குத்தான் பணம் வரும். சுரங்கப்பாதை கட்டலாம், சிக்னல் போடலாம். நாங்க அளந்து பாத்து எழுதி அனுப்புவோம்."

எச்.எம். எத்தனையோ மனு கொடுத்தவர். முகமெல்லாம் மலர்ந்துவிட்டது. "அப்ப எங்களுக்குக் கெடைக்குமில்லீங்க? தெனமும் உசுரக் கையில புடிச்சுட்டுத்தான் பிள்ளைங்களத் தாண்ட வைக்கறேன்."

யாழினி பெயிண்ட் டப்பாவையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"போலீஸ் பதிவுப்படி பாத்தா இங்க ஒண்ணு குறையுது டீச்சர்."

"என்னது ஒண்ணு?"

"சாவு."

"அப்ப இன்னொருத்தர் சாகற வரைக்கும் காத்துட்டு இருக்கோணுமா?" என்றார் எச்.எம்.

"நான் அப்படிச் சொல்லல டீச்சர். விதி அப்படி இருக்கு."

ஜூலை 2, செவ்வாய்

டீக்கடையில் இதே பேச்சு. ரங்கராஜ் யாரிடமோ சொல்லிக்கொண்டிருந்தார். "கொறையறதாவது! இங்க செத்த ஒருத்தர மில்லுப் பிரிவுல செத்தாருன்னு மாத்தி எழுதிட்டாங்க. நாங்கெல்லாம் பாத்துட்டுத்தான இருந்தோம்." நான் கடைக்குள் நுழைந்ததும் வாயை மூடிக்கொண்டார்.

சாவை ஓரிடத்திலிருந்து இன்னோரிடத்துக்கு நகர்த்துகிறார்கள் என்றால் அதில் யாருக்காவது லாபம் இல்லாமல் இருக்காது. மில்லுக்கு ரோடு பிரியும் அந்த இடத்தில் ஏற்கெனவே அந்த நிதியில் வேலை தொடங்கி, பலகை வைத்துவிட்டார்கள். சாயங்காலம் வேண்டுமென்றே அந்தப் பக்கம் பஸ்ஸில் போய்ப் பார்த்தேன். ரோட்டோரம் ஜல்லி கொட்டிக்கொண்டிருந்த டிப்பர் தனபாலுடையது.

ஜூலை 3, புதன்

அந்த ஆள் செத்தது எந்த நாள் என்று ரங்கராஜிடம் கேட்டேன். கார்த்திகை தீபத்தன்று சாயங்காலம் என்றார். மழை வரும்போல் இருக்கிறது.

ஜூலை 4, வியாழன்

தீபத்தன்று இவரைப்போல எத்தனையோ பேர் ரோட்டில் செத்திருக்கலாம். முட்டையில் நாலைந்து உடைசல். வண்டிக்காரனிடம் சண்டை போட்டு மாற்றி வாங்கினேன்.

ஜூலை 8, திங்கள்

தனபால் வீட்டுக்குப் போனேன். அவன் மனைவி காபி வைக்க உள்ளே போனதும் கேட்டேன்.

"தம்பி, உங்கண்ணன் எந்த எடத்துல விழுந்து கெடந்தாரு?"

"மில்லுப் பிரிவுலதானுங்க அண்ணி. போலீசுல எழுதிக் குடுத்திருக்குதே."

"மில்லுப் பிரிவுல எங்க?"

"பெட்ரோல் பங்குக்கு எதுத்தாப்புல."

அன்றைக்கு ஆஸ்பத்திரி வாசலில் பாலத்துக்குக் கீழே என்று சொன்னவன் இவன்தான். எனக்கு நன்றாக ஞாபகம் இருக்கிறது.

"அங்க உங்க வண்டிதான் ஜல்லி கொட்டுதாட்ட இருக்குது."

முகம் கறுத்துவிட்டது. "என்ன பேச்சுங்க அண்ணி இது? அண்ணனோட சாவ வெச்சு நான் காண்ட்ராக்ட் புடிச்சேங்கறீங்களா?"

அப்படித்தான் நினைத்துக்கொண்டிருந்தேன். அவன் கண் கலங்கியது. "போனவரு போய்ட்டாரு. தோண்டாதீங்க அண்ணி" என்றான். வஞ்சகம் செய்தவன் அழுவானா? அழுகிறவர்களைத்தான் நான் அதிகம் நம்புவதில்லை.

ஜூலை 10, புதன்

பீரோவைச் சுத்தம் செய்தேன். அவர் சட்டைகளை முதியோர் இல்லத்துக்குக் கொடுத்துவிடலாம் என்று எடுத்து வைத்தேன். எல்லாச் சட்டையிலும் காலரைத் திருப்பித் தைத்திருக்கிறது. பொத்தானுக்கெல்லாம் அந்தந்தச் சட்டை நிறத்திலேயே நூல். மில்லில் தைத்துக் கொடுக்கிறார்கள் என்பார். நூல்மில்லில் யார் சட்டை தைப்பார்கள் என்று நான் கேட்டதில்லை. ஞாயிற்றுக்கிழமை ஓவர்டைம் உண்டா என்றும் கேட்டதில்லை.

சட்டைகளைத் திரும்பவும் உள்ளேயே வைத்துவிட்டேன்.

ஜூலை 12, வெள்ளி

காலை மணி அடிப்பதற்குக் கொஞ்சம் முன்னால் நாலாம் வகுப்புச் சஞ்சனாவைக் கோழி வண்டி அடித்துவிட்டது. எச்.எம். தாண்டி வந்த பிள்ளைகளை இந்தப் பக்கம் கொண்டுவந்து விட்டுக்கொண்டிருந்தபோது அவள் மட்டும் அந்தப் பக்கத்திலிருந்து தனியாக ஓடிவந்திருக்கிறாள். சத்தம் கேட்டு நான் கரண்டியோடு ஓடினேன். எனக்கு முன்னாலேயே ஒரு பெண் ரோட்டில் உட்கார்ந்து சஞ்சனாவின் காலில் துணியைச் சுற்றிக்கொண்டிருந்தாள். கழுத்தில் அளவு நாடா தொங்கியது. நான் பிள்ளையைத் தூக்கக் குனிந்தேன்.

"தலையத் தூக்காதீங்க! அன்னிக்குத் தூக்கித்தான்…"

நிமிர்ந்து என்னைப் பார்த்தாள். நானும் அவளைப் பார்த்தேன். நடுவில் சஞ்சனா "அம்மா, அம்மா" என்று அழுதுகொண்டிருந்தாள்.

அன்றைக்கு என்றால் என்றைக்கு என்று நான் கேட்கவில்லை. ஆம்புலன்ஸ் வந்தது. தொடை எலும்பு முறிவு, பிளேட் வைக்கவேண்டும், உயிருக்குப் பயமில்லை என்று பெரியாஸ்பத்திரியில் சொன்னார்கள்.

"இது கணக்குல வராது கலாமணி, உசுரு இருக்குதல்ல?" என்று சொல்லிவிட்டு, ஆஸ்பத்திரி வராந்தாவில் சுவரில் சாய்ந்து அழுதார் எச்.எம்.

ஜூலை 15, திங்கள்

யாழினி பள்ளிக்கு வந்தார். ரங்கராஜ் சொன்ன சாவைப் பற்றி எச்.எம். அவரிடம் சொல்லியிருக்கிறார். இந்த மாதக் கடைசியில் கலெக்டர் தலைமையில் கூட்டம், அதோடு பட்டியல் டெல்லிக்குப் போய்விடுமாம். அதற்குள் இறந்தவரின் குடும்பத்தில் ஒருவரும் நேரில் பார்த்த ஒருவரும் ஸ்டேஷனில் போய் இடத்தைத் திருத்தி எழுதிக்கொடுத்தால், விசாரித்து மாற்றிவிடுவார்களாம்.

"மில்லுப் பிரிவுல ஒண்ணு கழிஞ்சா அங்க வேலை நின்னுடுமா?" என்று கேட்டேன்.

"இல்லம்மா. அங்க இருக்கறதே வேண்டியதுக்கு மேல."

அப்படியானால் தனபாலுக்கு இந்தச் சாவு தேவையே இல்லை. காண்ட்ராக்டுக்காக இல்லை. பின்னே எதற்காக?

"அந்தக் குடும்பம் உங்க ஊர்ப் பக்கமாம். ரங்கராஜ் பேரச் சொல்ல மாட்டேங்கறாரு. உனக்கு யாருன்னு தெரியுமா கலாமணி?" என்று கேட்டார் எச்.எம்.

தெரியாது என்றேன்.

ஜூலை 18, வியாழன்

மத்தியானம் பாத்திரம் கழுவி முடித்ததும் ரோட்டைத் தாண்டி மரகதத்தின் வீட்டுக்குப் போனேன். முன்னறையில் தையல் மிஷின், அதன் மேல் பள்ளிச் சீருடைகள். என்னைவிட மூத்தவள். பாதி நரைத்த தலை, தடித்த கண்ணாடி. இத்தனை வருஷம் நான் நினைத்து வைத்திருந்த மாதிரி இல்லை.

"உக்காருங்க" என்றாள். நான் உட்காரவில்லை.

"எத்தன வருசமா?"

"அதக் கேக்காதீங்க."

"தனபாலுக்குத் தெரியுமா?"

"அன்னிக்கு நாந்தான் அவருக்குப் போன் போட்டேனுங்க. உங்க வீட்டுக்காரரு இங்கிருந்து கெளம்பி, வண்டி எடுக்க ரோட்டத் தாண்டுனாரு. லாரி நிக்கவேயில்ல. ஆம்புலன்ஸ் போன பொறகு உங்க கொழுந்தனாரு என்ற கால்ல விழுந்தாருங்க. அண்ணிக்கு மட்டும் தெரியவேண்டாம், மில்லுப் பிரிவுன்னு சொல்லிக்கறேன்னாரு. நான் என்ன சொல்றது? சரின்னுட்டேன்."

அவளைத் திட்டவேண்டும் என்றுதான் போனேன். காலையில் பஸ்ஸிலேயே வார்த்தைகளைச் சேர்த்து வைத்திருந்தேன். மிஷின் ஊசிக்குக் கீழே ஒரு சின்ன அரைக்கால் சட்டை மாட்டியபடி இருந்தது. யாருடைய பிள்ளையோ நாளைக்குப் போட்டுக்கொண்டு ரோட்டைத் தாண்டி வரவேண்டியது.

"திங்கக்கெழம ஸ்டேஷனுக்கு வரோணும். பாத்தது நீங்கதான்."

கண்ணாடியைக் கழற்றினாள். "நான் வந்தா, அவரு எதுக்கு இங்க வந்தாருன்னு கேப்பாங்களே?"

"கேக்கட்டும்."

ஜூலை 20, சனி

தனபால் வந்து கத்தினான். நாங்கள் ஸ்டேஷனுக்குப் போகப்போவதை மரகதம் சொல்லியிருப்பாளோ, ரங்கராஜோ. யாரையும் நம்ப முடியவில்லை.

"அண்ணன் மானத்த நடுரோட்டுல போடாதீங்க அண்ணி!"

"உங்கண்ணன் நடுரோட்டுலதான் கெடந்தாரு தம்பி. தூக்கி வேற ரோட்டுல போட்டது நீங்க."

அவன் உட்கார்ந்துவிட்டான். "நிவேதாவுக்குத் தெரிஞ்சா?" என்று கேட்டான். என் மகள். கோயமுத்தூரில் நர்சிங் படிக்கிறாள். அப்பா படத்தைத்தான் போன் முகப்பில் வைத்திருக்கிறாள்.

அரிசி களைந்து உலை வைத்தேன். அவனும் சாப்பிட்டுவிட்டுத்தான் போனான்.

ஜூலை 22, திங்கள்

மரகதம் வரமாட்டாள் என்றே நினைத்தேன். எனக்கு முன்னால் வந்து ஸ்டேஷன் வேப்பமரத்தடியில் நின்றிருந்தாள். சேர்ந்து உள்ளே போனோம்.

சப்-இன்ஸ்பெக்டர் பொறுமையாகத்தான் கேட்டார். மரகதம் பார்த்ததைச் சொன்னாள். எந்தப் பக்கமிருந்து லாரி வந்தது, எங்கே விழுந்தார் என்று ஒவ்வொன்றாக. நான் சுவரிலிருந்த காலண்டரைப் பார்த்துக்கொண்டு கேட்டேன். பிறகு அவர் என் பக்கம் திரும்பினார்.

"உங்க ஊரு ஒரு பக்கம், மில்லு ஒரு பக்கம். தீபத்தன்னிக்கு, அதும் ஞாயித்துக்கெழம, கோரக்காட்டுல அவருக்கு என்னம்மா வேல?"

மரகதம் தலையைக் குனிந்துகொண்டாள்.

"நாந்தானுங்க அனுப்பிச்சேன்" என்றேன். "இந்தக்காகிட்ட ஜாக்கெட் தைக்கக் குடுத்திருந்தேன். தீபத்துக்குக் கட்டிக்கோணும், போய் வாங்கிட்டு வாங்கன்னு நாந்தான் வெரட்டுனேன்."

"அப்ப அன்னிக்கே சொல்லியிருக்கலாமே? எதுக்கு எடத்த மாத்திச் சொன்னீங்க?"

"ஜாக்கெட்டுக்காகப் புருசனச் சாகக் குடுத்தவன்னு ஊரு பேசுமுங்களே. என்னைக் காப்பாத்தோணும்னு கொழுந்தனாரு அப்படிச் சொல்லிட்டாரு."

எழுத்தர் எழுதிக்கொண்டே போனார். கீழே கையெழுத்துப் போட்டேன். வெளியே வந்ததும் மரகதம் ஏதோ சொல்ல வாயெடுத்தாள். பஸ் வந்துவிட்டது, ஏறிக்கொண்டேன்.

ஜூலை 26, வெள்ளி

ரங்கராஜையும் கூப்பிட்டு விசாரித்திருக்கிறார்கள். இடம் திருத்தியாகிவிட்டது. எச்.எம். என் கையைப் பிடித்துக்கொண்டு, "உன் வீட்டுக்காரருன்னு தெரியாமக் கேட்டுட்டேனே கலாமணி" என்றார். சுண்டலுக்கு ஊறப்போட்டது காணாது, இன்னும் கொஞ்சம் போடவேண்டும் என்றேன்.

ஆகஸ்ட் 9, வெள்ளி

நான் நினைத்ததுபோலவே ஊர் பேசுகிறது. அடிகுழாயில் நான் போனதும் இரண்டு பேர் குடத்தை எடுத்துக்கொண்டு நகர்ந்தார்கள்.

நிவேதா லீவில் வந்தாள். சாப்பாட்டுத் தட்டின் முன்னால் உட்கார்ந்து கேட்டாள்.

"நீதான் அப்பாவ அனுப்பிச்சியாம்மா?"

தனபாலும் இருந்தான். அவன் சட்டென்று, "நிவேதா, அதெல்லாம்…" என்று ஆரம்பித்தான். நான் அவனைப் பார்த்தேன். நிறுத்திக்கொண்டான்.

"ஆமா" என்றேன்.

"ஒரு ஜாக்கெட்டுக்கா?"

"ஆமா."

தட்டைத் தள்ளிவிட்டுப் போய்ப் படுத்துக்கொண்டாள். காலை முதல் பஸ்ஸுக்கே கிளம்புகிறாளாம். தனபால் வாசலில் செருப்பை மாட்டிக்கொண்டு வெகுநேரம் நின்றான். "நான் சொல்லிர்றேனுங்க அண்ணி. அவளுக்காச்சும் சொல்லிர்றேன்" என்றான்.

"உங்கண்ணன் மேல அவ வெச்சிருக்கற பாசம் அவளோடது. அதுல கை வைக்காதீங்க."

இன்று வரை அவனை நான் முழுதாக நம்பியதில்லை. இந்த ஒன்றில் நம்பித்தான் ஆகவேண்டும்.

செப்டம்பர் 4, புதன்

சஞ்சனா கைத்தாங்கலோடு பள்ளிக்கு வந்தாள். இரண்டாவது முட்டை கேட்டாள். கொடுத்தேன்.

அக்டோபர் 14, திங்கள்

டெல்லியிலிருந்து ஒப்புதல் வந்துவிட்டது. பிள்ளைகள் தாண்ட ரோட்டுக்கு அடியில் சுரங்கப்பாதை, இரண்டு பக்கமும் விளக்கு. அது வரும் வரைக்கும் வேகத்தைக் குறைக்கக் கோடுகள், தடுப்புகள். எனக்கு நம்பிக்கை வரவில்லை. கண்ணால் பார்க்கும் வரை வராது. ஆனால் இன்று யாழினி ஆட்களோடு வந்து வேலையைத் தொடங்கியே விட்டார்.

"விபத்து நடந்த ஒவ்வொரு இடத்தையும் வரைபடத்துல குறிக்கணும்மா. உங்க வீட்டுக்காரர் விழுந்த இடத்தைக் காட்டுறீங்களா?"

மனைவிக்குத் தெரிந்திருக்கும் என்று நினைத்துக் கேட்கிறார். எனக்கு அந்த இடம் தெரியாது. ரோட்டுக்கு அந்தப் பக்கம் பார்த்தேன். மரகதம் தன் வாசலில் நின்றுகொண்டிருந்தாள். கையைக் காட்டிக் கூப்பிட்டேன்.

வண்டிகளை நிறுத்தி வழிவிட்டார்கள். அவள் வந்து, தடுப்பின் இடைவெளியைத் தாண்டி, கொஞ்ச தூரம் தள்ளிப் போய் நின்றாள். தேடவில்லை, யோசிக்கவில்லை. நேராகப் போய் நின்றாள். யாழினி போனில் குறித்துக்கொண்டு அடுத்த இடத்துக்குப் போனார். நாங்கள் இரண்டு பேர் மட்டும் நின்றோம். சாதாரணத் தார்ரோடு. ஒன்றுமே இல்லை.

அந்த இடத்திலேயே போய்விட்டார் என்றுதான் தனபால் என்னிடம் சொல்லியிருந்தான். அதையும் நான் இப்போது நம்புவதில்லை.

"கொஞ்ச நேரமாச்சும் இருந்தாரா?" என்று கேட்டேன்.

"ஆம்புலன்ஸ் வர்ற வரைக்கும் இருந்தாருங்க. என்ற மடியிலதான்…"

"ஏதாச்சும் சொன்னாரா?"

மரகதம் என்னைப் பார்க்கவில்லை. மில்லுப் பக்கம் போகும் ரோட்டையே பார்த்துக்கொண்டு சொன்னாள்.

"உங்க பேரத்தானுங்க சொன்னாரு. கலா, கலான்னு."

அவர் என்னை ஒருநாளும் கலா என்று கூப்பிட்டதில்லை. "ஏம்புள்ள" என்பதோடு சரி.

"சரிங்க" என்றேன்.

வண்டிகளை விடப்போவதாக யாழினியின் ஆள் கொடியை ஆட்டினான். மரகதம் தடுமாறினாள். தடித்த கண்ணாடியில் தூரம் சரியாகத் தெரியாதுபோல. அவள் முழங்கையைப் பிடித்துக்கொண்டு அவள் வீட்டுப் பக்கம் வரை கொண்டுபோய் விட்டேன். பிறகு தனியாகத் தாண்டிப் பள்ளிக்கு வந்தேன். சோறு குழைந்துவிட்டிருந்தது. பிள்ளைகள் ஒன்றும் சொல்லாமல் சாப்பிட்டார்கள்.